எளிய பாஷையும் தெளிந்த பாஷையும்

மனிதன் தன் தாய்மொழியைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களுள் மிகப் பழமையானது, தான் பேசுவது இயல்பாகவே எளிதாயும் தெளிவாயும் அமைந்த பாஷை என்பதும், அயலான் பேசுவது காரணமின்றிச் சிக்கலாகிப்போன பாஷை என்பதுமே ஆகும். தமிழ் கற்க முற்படும் வடநாட்டார் ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்தொலிக்க மாட்டாமல் திகைக்க, ஹிந்தி கற்கத் தொடங்கும் தமிழரோ, ரொட்டி பெண்பாலாகவும் சோறு ஆண்பாலாகவும் இருக்க வேண்டிய நியாயம் யாதென்று கேட்டுத் திகைக்கிறார். தத்தம் பாஷையில் இத்தகைய தொல்லை ஏதுமில்லை என்று இருவருமே மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாமரர்க்கு மட்டும் உரியதன்று. 1784ஆம் ஆண்டில் பெர்லின் கலைக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்ற ரிவரோல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், எழுவாய் முதலிலும் வினை அதனை அடுத்தும் செயப்படுபொருள் இறுதியிலும் நிற்கும் தம் மொழியின் வாக்கிய வரிசையே சிந்தனையின் இயற்கையான வரிசை என்றும், ஆகையால் தெளிவு என்பது பிரெஞ்சு பாஷையின் தனிச் சொத்து என்றும் வாதித்தார். அவர் கூற்று மெய்யாயின், வினைமுற்றை வாக்கியத்தின் இறுதியில் நிறுத்தியே இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிந்தித்துவரும் தமிழரும், அவ்வாறே செய்யும் ஜப்பானியரும் துருக்கியரும் தலைகீழாகச் சிந்தித்தவர்கள் என்று கொள்ள நேரும். உலக மொழிகளை எண்ணிப் பார்த்தவர்கள் கண்டதோ, எழுவாய், செயப்படுபொருள், வினை என்னும் நம்முடைய வரிசையே மிகுதியான மொழிகளில் வழங்குகிறது என்பதுதான்.

ஆயினும், பதில் சொன்னவர்கள் பட்சபாதம் உடையவர்களாய் இருந்தார்கள் என்பதற்காகக் கேள்வியையே தள்ளிவிடுவது அறிவியலுக்கு அழகன்று. சில பாஷைகள் மெய்யாகவே பிறவற்றினும் எளியவையா, சில பாஷைகளில் கருத்து பிறவற்றைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுகிறதா என்பவை நிதானமாக ஆராயத் தக்க வினாக்கள். இவற்றை நூலகத்தில் அமர்ந்து ஆராய்வதைவிட, பல பாஷைகள் நாள்தோறும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் ஓர் ஊரை முன்னிறுத்தி ஆராய்வது பயனுடையது. அப்படிப்பட்ட ஊர்கள் இந்தியாவில் பல உண்டெனினும், அந்தமான் தீவுகளைப் போன்ற சோதனைச்சாலை வேறெங்கும் கிடைப்பது அரிது.

தெற்கந்தமானில், போர்ட் பிளேர் என நாம் நெடுங்காலம் அறிந்திருந்ததும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படுவதுமான தலைநகரின் சுற்றுப்புறத்தில் அமைந்த கிராமங்களுள் ஒன்று சௌல்தாரி. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஜனத்தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு வங்காளமும், 15 பேருக்குத் தமிழும், 13 பேருக்குத் தெலுங்கும், 7 பேருக்கு மலையாளமும் ஏறத்தாழத் தாய்மொழிகளாக இருந்தன. ஹிந்தியும், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு திருத்த வந்தவர்களின் சாத்ரியும் குடுக்கும், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் மொழியும், நிக்கோபாரியர் மொழிகளும் இவற்றின் புறம்பே உள்ளன. 1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்பவரின் தலைமையில் இருநூறு கைதிகள் செமிராமிஸ் என்னும் கப்பலில் வந்து இறங்கிய காலந்தொட்டு, 1921ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் அனுப்பப்பட்ட மலபார் மாப்பிள்ளைகள், 1949 முதல் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க அகதிகள், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் என்று, ஒருவர் பாஷை மற்றவர்க்கு விளங்காத கூட்டங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்த பூமி அது.

சௌல்தாரியில் ஒரு மளிகைக் கடை முன் ஐந்து பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நிலப்பகுதியிலிருந்து சரக்குக் கப்பல் வந்துவிட்ட செய்தியை ஒவ்வொருவரும் தத்தம் பாஷையில் சொல்கிறார். தமிழர் ‘கப்பல் வந்தது’ என்கிறார்; தெலுங்கர் ‘ஓட வச்சிந்தி’ என்கிறார்; மலையாளி ‘கப்பல் வந்நு’ என்கிறார்; வங்காளி ‘ஜாஹாஜ் எலோ’ என்கிறார்; ஹிந்திக்காரர் ‘ஜஹாஜ் ஆயா’ என்கிறார். ஐந்தும் இரண்டிரண்டு சொற்களே. ஐந்தும் ஒரே செய்தியே. இவற்றுள் எது எளியது என்று கேட்டால், எழுவாயை மாற்றிப் பார்க்காதவரையில் விடை கிடைக்காது.

கப்பலுக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள் என்று வைப்போம். தமிழில் வினை ‘வந்தாள்’ என்று உடனே மாறிவிடுகிறது. தெலுங்கிலோ ‘ஆமெ வச்சிந்தி’ என்று, கப்பலுக்கு வந்த அதே வினைமுற்று மாறாமல் நிற்கிறது. தெலுங்கு தன் ஒருமை வினைகளில் ஆண்மகனை ஒரு பக்கமும், பெண்ணையும் அஃறிணைப் பொருள்களையும் மற்றொரு பக்கமும் வைத்துப் பாகுபடுத்துகிறது. ஆனால் பலர் வந்தனர் என்னும்போது பெண்களும் ஆண்களோடு சேர்ந்து ‘வச்சாரு’ என்னும் வடிவத்தைப் பெற்றுவிடுகிறார்கள். மலையாளமோ இந்தப் பாகுபாட்டையே களைந்துவிட்டது: நான் வந்தாலும், அவன் வந்தாலும், அவள் வந்தாலும், கப்பல் வந்தாலும் ‘வந்நு’ ஒன்றே. வங்காளம் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டை வினையில் காத்து, ஆண் பெண் வேறுபாட்டை அறவே விட்டுவிட்டு, அதற்கு ஈடாக மரியாதையின் படிகளை வினையில் பொதிந்து வைத்திருக்கிறது. சாமானியமான ஒருவர் வந்தால் ‘எலோ’, மதிப்புக்குரியவர் வந்தால் ‘எலென்’. ஹிந்தியில் பெண் வந்தால் ‘ஆயீ’. அதோடு நில்லாமல், பெரிய கப்பலாகிய ஜஹாஜ் ஆண்பாலாகி ‘ஆயா’ என்றும், சிறு படகாகிய நாவ் பெண்பாலாகி ‘ஆயீ’ என்றும் வருகின்றன. நேற்று வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த விதி விட்டுவைக்காமல், டிரக்கை ஆண்பாலாகவும் பஸ்ஸைப் பெண்பாலாகவும் ஆக்கிவிட்டது.

இதைக் கேட்ட மாத்திரத்தில் மலையாளமே எளிய பாஷை என்று தீர்ப்புக் கூறத் தோன்றும். அப்படிக் கூறுமுன் இதன் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். தமிழில் ‘வந்தேன்’ என்னும் ஒரே சொல் வந்தவன் யான் என்பதையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. மலையாளியோ சந்தர்ப்பம் விளக்காதபோதெல்லாம் ‘ஞான்’ என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். தமிழ் கற்கும் அந்நியர் வினைவிகுதிகளை மனனம் செய்வதில் படும் சிரமத்தைத் தமிழ் கேட்பவர் தம் சௌகரியமாகத் திரும்பப் பெறுகிறார். அதே தமிழ், திணை பால் விஷயத்தில் ஹிந்தியைக் காட்டிலும் மிகவும் எளிது. பகுத்தறிவுடைய மக்கள் உயர்திணை, ஏனையவை அஃறிணை என்று தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கும் விதி, பொருளை அறிந்தவர்க்குப் பாலையும் அறிவித்துவிடுகிறது. எந்தச் சொல்லுக்கு எந்தப் பால் என்று ஒவ்வொன்றாகக் கற்க வேண்டுவதில்லை. ஆனால் வந்தான், நின்றான், போனான், கண்டான், கொடுத்தான், விட்டான் என்று இறந்தகாலம் ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு விதமாக அமைவதை அந்நியர் ஒருவர் கற்கும் காட்சியைப் பார்த்தவர், தமிழின் எளிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிவார். ஓரிடத்தில் இறக்கிய பாரத்தை வேறோரிடத்தில் ஏற்றிக்கொள்வது பாஷைகளின் சுபாவம்.

தெளிவின் விஷயத்திலும் இதுவே நிலை. ‘நாளைக்கு நாங்கள் டவுனுக்குப் போகிறோம்’ என்று தமிழர் சொன்னால், கேட்பவர் அந்தப் பயணத்தில் சேர்ந்தவரல்லர் என்பது தெளிவு. ‘நாம் போகிறோம்’ என்றால் அவரும் புறப்பட வேண்டியதுதான். தெலுங்கில் மேமு, மனமு என்றும், மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள் என்றும் இவ்வேறுபாடு உண்டு. ஹிந்தியின் ‘ஹம்’ என்பதும் வங்காளத்தின் ‘ஆம்ரா’ என்பதும் இதைச் சொல்வதில்லை. ‘கப்பல் நாளை வருமாம்’ என்னும் வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும் ‘ஆம்’ என்னும் சிறு உறுப்பு, இது நான் நேரில் அறிந்ததன்று, பிறர் சொல்லக் கேட்டது என்ற பொறுப்புத் துறப்பைச் செய்துவிடுகிறது. துருக்கி மொழியின் வினையில் இதற்கு ஒப்பானதோர் உருபு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. காற்றையும் கடலையும் நம்பிக் கப்பல் வரும் தீவில் இந்த ஓரசை எவ்வளவு பயன்படக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வளவும் தமிழுக்கு ஆதரவாகச் சொல்லிவிட்ட நான், நம் பேச்சுத் தமிழை வெளியூரார் எவ்வாறு கேட்கிறார்கள் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன். எழுத்தில் ‘வந்தான்’ என்றும் ‘வந்தாள்’ என்றும் ஐயத்துக்கு இடமின்றி நிற்கும் இரு சொற்கள், வீட்டுப் பேச்சில் ஈற்று மெய்யை இழந்துவிடுகின்றன. ‘வந்தா’ என்றே இரண்டும் ஒலிக்க, ஆண்பாலில் மட்டும் இறுதி ஆகாரம் மூக்கின் வழியாகச் சற்றே கசிகிறது. அந்தக் கசிவு ஒன்றே வந்தவர் ஆணா பெண்ணா என்பதை அறிவிக்கும் முழுப் பொறுப்பையும் சுமக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு அது போதும். தமிழைப் புத்தகத்தில் கற்று வந்த அறிஞருக்கோ அது காதில் விழுவதே இல்லை.

தெளிவு என்பது பாஷைக்குள் மட்டும் இருப்பதன்று, பழகிய செவியிலும் பாதி இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. எனினும் எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் சுமத்திவிடவும் கூடாது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் செய்த டேனியர், அங்கிருந்தே கப்பலேறி 1750களில் நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் நிறுவ முயன்று, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, ஈற்றில் 1868இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த டேனியரின் பாஷையில் மெய்யொலிகள் பல மெலிந்து உயிரொலிகளோடு கரைந்துவிடுவதால், ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று காண்பது கடினம். நெருங்கிய உறவுடைய ஸ்வீடிஷ் மொழியிலும் நார்வே மொழியிலும் அந்தக் கடினம் இல்லை. டேனியக் குழந்தைகள் தொடக்கத்தில் புரிந்துகொள்ளும் சொற்களின் தொகை, பிற மொழிக் குழந்தைகளுடையதைக் காட்டிலும் குறைவாக இருப்பதை 2008இல் வெளியான ஓர் ஒப்பாய்வு புலப்படுத்தியது. ஆகவே தாய்மடியில் கற்கும் குழந்தைக்கும்கூட ஒலியமைப்பில் ஒரு பாஷை மற்றொன்றினும் சிறிது அரிதாக இருக்கக்கூடும். அந்தக் குழந்தைகளும் வளர்ந்து தடையின்றிப் பேசிவிடுகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இந்த விஷயத்தில் மொழியறிஞர்களே ஒருவருக்கொருவர் மாறுபட்டு வந்த சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய அறிஞர் ஷ்லைகர், வேற்றுமை உருபுகளும் வினைவிகுதிகளும் செறிந்த ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றைப் பாஷை வளர்ச்சியின் சிகரமாகவும், அவ்வுருபுகள் தேய்ந்துபோன பிற்கால மொழிகளை வீழ்ச்சியாகவும் கருதினார். 1894இல் டென்மார்க்கு நாட்டு எஸ்பர்சன், அதே தேய்மானத்தைப் பார்த்து, அது வளர்ச்சியே என்றும், உருபுகளை உதறிய ஆங்கிலமே முன்னேறிய பாஷை என்றும் நூலெழுதினார். ஒரே உண்மையிலிருந்து நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள் பிறந்தன. ஒவ்வொரு தீர்ப்பும் தீர்ப்பளித்தவரின் அபிமானத்தைத் தழுவியே நின்றது. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு எதிர்வினையாக, எல்லா மொழிகளும் மொத்தத்தில் ஒரே அளவு சிக்கலுடையவை என்பது பாடநூல் கொள்கையாயிற்று. அது காலனியாட்சிக் காலத்து அகந்தையை முறித்த மட்டில் பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அளந்து பார்த்துக் கண்ட முடிவாக அது அமையவில்லை. 2001இல் ஜான் மக்வோர்ட்டர் என்பார், அடிமைகளும் கூலிகளும் சந்தித்த இடங்களில் புதிதாய்ப் பிறந்த கலப்பு மொழிகளின் இலக்கணமே உலகில் எளியது என்று வாதித்து அக்கொள்கையை அசைத்தார். 2010இல் லூப்யன், டேல் என்னும் இருவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்டு, பேசுவோர் தொகை பெருகப் பெருகச் சொல்லுருபுகளின் செறிவு குறைகிறது என்று காட்டினர். முதிர்ந்த வயதில் கற்கும் அந்நியர் மிகுவதால் உருபுகள் உதிர்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். 2023இல் 1,300க்கும் மேற்பட்ட மொழிகளைக் கொண்டு, மொழிகளின் உறவுமுறையையும் அண்டை அயலையும் கணக்கில் சேர்த்துச் செய்யப்பட்ட ஆராய்ச்சியோ, அந்நியர் மிகுந்த சமுதாயங்களின் மொழிகள் எளிமைப்பட்டிருக்கின்றன என்பதற்கு ஆதாரமில்லை என்று கூறிவிட்டது. வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்தமான் ஹிந்தியை இந்த வழக்கில் சாட்சியாக நிறுத்தலாம். பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் பர்மியரும் கைதிகளாய் ஒரே வரிசையில் நின்று வேலை செய்த இடத்தில், அவர்களுக்குள் பிறந்து பழகிய பொதுப் பாஷை அது. சௌல்தாரிக் கடை முன் நம் ஐவரும் கலந்து பேச வேண்டுமானால் அதில்தான் பேசுவார்கள். வங்காளத்தையும் தமிழையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசும் ஹிந்தியில், படகு பெண்பால், கப்பல் ஆண்பால் என்பன போன்ற வேறுபாடுகள் தளர்ந்துவிடுவதும், இறந்தகாலத்தில் எழுவாயோடு சேரும் ‘நே’ என்னும் உருபு நழுவிவிடுவதும் இந்தியா எங்கும் காணப்படும் இயல்பு. இலக்கண ஆசிரியர் இதைப் பிழை என்பார். உதிர்ந்தவை எவை என்று பார்த்தால், செய்தியைத் தெரிவிக்க அவசியமில்லாதவையே முதலில் உதிர்ந்திருக்கின்றன என்பது விளங்கும். படகு ஆணாகிப்போனதால் யாரும் தவறான படகில் ஏறிவிடவில்லை. இந்த எளிமை வறுமையைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது. தாத்தா காலத்தில் வேலைத் தலத்துப் பேச்சாய் இருந்தது பேரப்பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிட்டபின், கோபமும் கேலியும் தாலாட்டும் அதிலேயே நடக்கின்றன. அதற்கு வேண்டிய நுட்பங்களையும் அது ஈட்டிக்கொண்டுவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். தெரியாத பாஷையை நாம் எப்போதும் அதிவேகமாகக் கேட்கிறோம். ஆனால் வேகத்தில் மெய்யான வித்தியாசமும் உண்டு. 2019இல் லியோன் நகரத்து ஆய்வாளர் குழு ஒன்று, 17 மொழிகளைப் பேசும் 170 பேரை ஒரே பொருளுடைய பகுதிகளைப் படிக்கச் செய்து அளந்தது. ஜப்பானியர் வினாடிக்கு ஏறத்தாழ எட்டு அசைகளை உச்சரிக்க, தாய்லாந்து மொழியினர் ஐந்துக்கும் குறைவான அசைகளையே உச்சரித்தனர். ஆனால் ஜப்பானிய அசை ஒவ்வொன்றும் கொண்டு செல்லும் செய்தி சிறிது; தாய் மொழியின் அசையோ குரலின் ஏற்ற இறக்கத்தையும் பொருளுக்குப் பயன்படுத்துவதால் அதிகச் செய்தியைத் தாங்குகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தபோது, எல்லா மொழிகளும் வினாடிக்குச் சுமார் 39 பிட் என்னும் அளவைச் சூழ்ந்தே நின்றன. ஆம் அல்லது இல்லை என்னும் ஒரு விடை தரும் செய்தியின் அளவே ஒரு பிட். அந்தப் பதினேழில் இந்திய மொழி ஒன்றேனும் இடம்பெறவில்லை. தமிழையும் வங்காளத்தையும் இம்முறையில் அளந்து பார்ப்பது நம் பல்கலைக்கழகங்கள் செய்யத் தக்க வேலை.

இதுவரை குடியேறியவர்களின் மொழிகளைப் பற்றியே பேசினோம். அவர்களுக்கு எவ்வளவோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அத்தீவுகளில் வாழ்ந்தவர்களின் பாஷைகளைப் பார்த்தால்தான், எளிமை என்னும் சொல்லை எவ்வளவு ஜாக்கிரதையோடு கையாள வேண்டும் என்பது புலப்படும். கைதிக் குடியேற்றம் தொடங்கிய நாளில் தெற்கந்தமானின் கரையோரங்களில் வழங்கியது அக்கா-பேயா என்னும் மொழி. பேரந்தமானிய மொழிகள் பத்தனுள் அது ஒன்று. வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடி, உழவும் உலோகத் தொழிலும் இன்றி வாழ்ந்த மக்களின் பேச்சு மிக எளிமையானதாகத்தான் இருக்கும் என்பது அக்காலத்து ஐரோப்பியரின் பொதுவான எண்ணம். எண்ணுப் பெயர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மெய்யே என்று தோன்றும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டுமே பெயர் இருந்தது என்றும், அதற்கு மேற்பட்டவற்றை விரல் நுனிகளால் மூக்கை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினார்கள் என்றும் இ. எச். மேன் என்னும் அதிகாரி எழுதியிருக்கிறார். ஆனால் அதே மேனும், அவருக்குப் பின் எம். வி. போர்ட்மன் என்பாரும் ஆண்டுக்கணக்கில் அம்மக்களோடு பழகித் தொகுத்த குறிப்புகளைப் புரட்டினால் வேறொரு காட்சி விரிகிறது.

அம்மொழியில் ‘பேரிங’ என்றால் நல்லது. அந்தச் சொல்லின் முன் கையைச் சுட்டும் ‘உன்’ என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் ‘உன்-பேரிங’, அதாவது கைத்திறன் உடையவன், சமர்த்தன். கண்ணைச் சுட்டும் ‘இக்’ சேர்ந்தால் ‘இக்-பேரிங’, கூர்ந்த பார்வையுடையவன். தலையையும் இருதயத்தையும் சுட்டும் ‘ஒத்’ சேர்ந்தால் ‘ஒத்-பேரிங’, நற்குணமுடையவன். நாவைச் சுட்டும் ‘அக்கா’ சேர்ந்தால் ‘அக்கா-பேரிங’, பாஷைகளில் வல்லவன். மென்மையைக் குறிக்கும் ‘யோப்’ என்னும் சொல்லும் இவ்வாறே, உருண்டையான பொருளோடு வருகையில் ஒரு முன்னொட்டும், நீண்ட பிரம்போடு வருகையில் வேறொன்றும், விழுந்து உளுத்துப்போன மரத்தோடு வருகையில் மற்றொன்றும் பெற்றுப் பொருள் வேறுபடும். உலகத்துப் பொருள்கள் யாவும் மனித உடம்பின் பாகங்களாக வகுக்கப்பட்டு, அந்த வகுப்பின் முத்திரை பெயரிலும் பண்பிலும் வினையிலும் இடப்படுகிறது. ஸம்ஸ்கிருதத்தின் மூன்று லிங்கங்களும் தமிழின் ஐந்து பால்களும் இந்த ஏற்பாட்டின் அருகில் எளியவையாகிவிடுகின்றன.

இந்த நூற்றாண்டில் அதே இலக்கணத்தின் எஞ்சிய வடிவத்தை ஆராய்ந்தவர் டில்லிப் பேராசிரியை அன்விதா அப்பி. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்த பேரந்தமானியர், நோயினாலும் குடியேற்றத்தினாலும் அருகி, 1961ஆம் ஆண்டுக் கணக்கில் 19 பேராகக் குறைந்து, பின்னர் ஸ்ட்ரெயிட் தீவில் வைக்கப்பட்டிருந்தார்கள். பல கிளைமொழிகள் ஒன்றாகக் கலந்துவிட்ட அவர்களது பேச்சில், உடலுறுப்புகளை ஆதாரமாகக் கொண்ட ஏழு வகுப்புகளை அப்பி கண்டறிந்து, 2012இல் அகராதியும் 2013இல் இலக்கணமும் வெளியிட்டார். வாயும் அதன் தொடர்புடையவையும் ஒரு வகுப்பு. கைவிரல் கால்விரல் போன்ற உடம்பின் கோடிகள் ஒரு வகுப்பு. உள்ளுறுப்புகள் ஒரு வகுப்பு என இவை செல்கின்றன. குழந்தைகள் இதனைப் புத்தகமின்றி, பள்ளியின்றி, தவழும் வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது எளிய பாஷை. அக்கா-போ மொழியைப் பேசிய கடைசி மனிதராகிய போவா மூதாட்டி, தம் மொழியில் பேசத் துணை எவருமின்றி, பிறரோடு பேசுவதற்காக அந்தமான் ஹிந்தியைக் கற்றுக்கொண்டு வாழ்ந்து, 2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் நாள் மறைந்தார். ஒரு சிறு கூட்டத்தார் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சமுதாயத்தில் இத்தனை நுட்பமான பாகுபாடு செழிப்பதும், கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தவர்கள் பேசும் ஹிந்தியில் இரண்டே பால்களும் தள்ளாடுவதும் ஒரே தீவில் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. உருபுகளின் செறிவு, நாகரிகத்தின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்ததன்று, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்னும் கருத்துக்கு இதைவிடக் கண்கூடான உதாரணத்தை நான் அறியேன். 2023ஆம் ஆண்டு ஆராய்ச்சி இதை உலகப் பொதுவிதியாக ஏற்க மறுப்பதை மதித்தே இதனைச் சொல்கிறேன்.

ஆகையால் என் முடிவு இது. ஒலியிலோ உருபிலோ சொல்வரிசையிலோ, குறித்த ஓரிடத்தில் ஒரு பாஷை மற்றொன்றினும் எளிதாகவோ தெளிவாகவோ இருக்கலாம். அதை அளக்கவும் முடியும். பாஷை முழுமைக்கும் சேர்த்து இது எளியது, இது கடினம் என்று மதிப்பெண் இடுவதற்கு இன்றுவரை ஒழுங்கான அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் மதிப்பெண் இட்டவர்கள் பெரும்பாலும் ஆள்பவரின் பாஷைக்கே அதிக மதிப்பெண் இட்டார்கள். அதன் பலனைக் குழந்தைகள் அனுபவித்தார்கள். எளிய பாஷையில் கற்பிப்பதாகச் சொல்லி, வீட்டில் பேசாத ஒன்றில் ஒரு பிள்ளைக்குப் பாடம் தொடங்கும்போது, அந்தப் பிள்ளைக்கு அது எளிய பாஷையாய் இருப்பதில்லை.

அந்தத் தவறு இனியும் நேரக்கூடிய இடம் இத்தீவுகளிலேயே உண்டு. தெற்கந்தமான், நடு அந்தமான் தீவுகளின் மேற்குக் காடுகளில் ஜாரவா மக்கள் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 380 பேர். அவர்களது மொழி, ஓங்கே என்னும் மற்றோர் அந்தமான் பழங்குடியினரின் மொழிக்கு உறவுடையது. பேரந்தமானிய மொழிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அப்பியின் முடிவு. 1997 முதல் அவர்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கியபின், இளையோர் பலர் ஹிந்தி கற்றுக்கொண்டுவிட்டார்கள். எனினும் ஜாரவாக் குழந்தைகள் இன்னமும் தாய் தந்தையர் பேச்சையே முதலில் பேசுகிறார்கள். அவர்கள் நலத்தின்பொருட்டு அவர்களிடம் அனுப்பப்படும் மருத்துவரும் ஆசிரியரும் காவலரும், ஹிந்தியே எளிது என்று எண்ணி அதைக் கற்பிக்க விரையாமல், முதலில் தாங்கள் ஜாரவா மொழியைக் கற்க வேண்டும். அதைக் கற்காதவரை அந்தப் பணிக்கு அனுப்பாதிருக்கும் விதியை அரசாங்கம் வகுக்க வேண்டும். பேரந்தமானியரின் பத்து மொழிகளுக்குக் காலங்கடந்து கிடைத்த அகராதியும் இலக்கணமும், இந்த ஒன்றுக்காவது அதைப் பேசும் குழந்தைகள் இருக்கும்போதே கிடைக்க வேண்டும்.